ஈரம் உள்ளது

செத்துப்போன பிள்ளை ஒன்று ஏழு மாதமாக நாள்தோறும் ஆறு டயப்பரை நனைத்துக்கொண்டிருந்தது.

மழலை நலத் துறையில் இதைக் கண்டுபிடித்தது மனிதர் யாருமில்லை. இறப்புப் பதிவேட்டையும் இலவச டயப்பர்ப் பட்டியலையும் ஒருநாள் இயந்திரமே பொருத்திப் பார்த்து, ஒரு பெயரைச் சிவப்பில் காட்டியது. கடலரசன். தாய் தேசராணி. நெய்தல் நகர், மூன்றாம் அடுக்ககம், ஏழாவது மாடி. மூன்று மாதக் குழந்தையாக இருக்கையில் காய்ச்சலில் இறந்தான் என்றது ஒரு பதிவேடு. நேற்றுக் காலைகூட அவன் நனைத்தது வந்து சேர்ந்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றது இன்னொன்று. அரசாங்கத்தில் இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகப் பேசுவது புதிதில்லை. ஆனால் இரண்டுமே சரிதான் என்று சத்தியம் செய்தால் யாரையாவது நேரில் அனுப்பித்தானே ஆகவேண்டும்? கள ஆய்வாளர் கிருபாவதியை அனுப்பினார்கள்.

கிருபாவதிக்கு வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் தூத்துக்குடி. முட்டிவலி தவிர வேறு எதற்கும் பயப்படாதவள் என்று அலுவலகத்தில் பெயர். பேய் பிசாசெல்லாம் வேதாகமத்தில் வருவதோடு சரி என்று சொல்லிக்கொண்டிருப்பவள். இருந்தாலும் அன்று விடியற்காலையில் கிளம்பும்போது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடல் ஏறிவந்து குப்பங்களை விழுங்கிய பிறகு, அங்கே இருந்தவர்களுக்காகக் கட்டியவை நெய்தல் நகர் அடுக்ககங்கள். வீட்டுக்கு நாளொன்றுக்கு நாலு குடம் தண்ணீர். அதற்குமேல் குழாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த நாலு குடத்தில் குடிப்பதா, உலை வைப்பதா, பிள்ளையின் பீத்துணியை அலசுவதா? பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுகிற வழக்கம் அப்படித்தான் ஒழிந்தது. டயப்பர் இல்லாத பிள்ளையைக் காப்பகத்தில் ஏற்கமாட்டார்கள். காப்பகத்தில் விடாமல் தாய்க்காரி வேலைக்குப் போகமுடியாது. கடை விலை கட்டுப்படியாகாதவர்கள் நனைந்ததையே வெயிலில் காயப்போட்டு மறுபடி கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி ஆஸ்பத்திரி நிரம்பிய பிறகுதான் அரசாங்கம் இறங்கிவந்து இலவசமாகக் கொடுத்தது.

இலவசம் சந்தைக்குப் போய்விடக் கூடாதே! அதற்காக ஒவ்வொரு அடுக்ககத்தின் கீழேயும் ஓர் ஈரப்பெட்டி வைத்தார்கள். நனைந்ததைப் போட்டால்தான் உலர்ந்தது வரும். போட்ட ஈரம் எந்தக் குழந்தையுடையது என்று பெட்டி முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் சில கெட்டிக்காரர்கள் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் போட்டார்கள், டீயில் நனைத்துப் போட்டார்கள், ஒரு பெரிய மனிதர் தன்னுடையதையே போட்டுப் பார்த்தார். "ஈரம் பொருந்தவில்லை" என்று வரிசையே கேட்கும்படி சொல்லி வெளியே துப்பியது பெட்டி. டிவி தொடர்களில் நல்ல மருமகளாக வந்த ஒரு நடிகையின் குரல் அதற்கு. பிள்ளை சரியான பிள்ளை என்றால் அந்தக் குரல் குழைந்துபோகும். "ஈரம் உள்ளது. இன்னார் மகன் இன்னார் நலம்." மனுசனுக்கு இல்லாத ஈரம் பொட்டிக்கு கீது என்று நெய்தல் நகரில் ஒரு கேலி உண்டு.

கிருபாவதி போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும். பெட்டியின் முன்னால் பத்துப் பெண்கள் நின்றார்கள். ஆளாளுக்குப் பையோடு கொட்டிவிட்டு, வந்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக நின்றவள் மட்டும் ஓடவில்லை. இருபத்துநாலு வயது இருக்கும். நைட்டியின்மேல் மார்பை மூடித் துண்டு போட்டிருந்தாள். பையிலிருந்து ஒரு டயப்பரை எடுத்துப் பெட்டியில் இட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஈரம் உள்ளது. தேசராணி மகன் கடலரசன் நலம்."

இன்னொன்றை இட்டாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆறையும் ஒவ்வொன்றாக இட்டு, ஆறு முறையும் கேட்டாள். கோயிலில் தன் பேருக்கு அர்ச்சனை நடக்கும்போது நிற்பார்களே, அப்படி நின்றாள்.

"கடலரசன் அம்மாவா?" என்று கிருபாவதி பக்கத்தில் போய்க் கேட்டாள்.

திடுக்கிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். தேசராணியின் முகமோ விளக்கேற்றியதுபோல் மலர்ந்தது. ஏழு மாதத்தில் மனித வாயால் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை போலும்.

"ஆமா மேடம். நீங்க யாரு?"

"மழலை நலத் துறையிலருந்து வர்றேன். வீட்டுக்குப் போவமா?"

அந்த மலர்ச்சி மெதுவாக அணைந்தது. "வாங்க" என்றாள்.

லிஃப்ட் கதவில் போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு ஓடியதுதான் கடைசியாம். படியேறினார்கள். ஐந்தாம் மாடியில் கிருபாவதி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, முன்னால் போகும் தேசராணியைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "அந்த வூட்டுக்கா போற? செத்த கொயந்த அங்க அயுவுது மேடம். என் காதாலயே கேட்டுக்கீறேன்."

ஏழாவது மாடிக்குப் போவதற்குள் கிருபாவதியும் கேட்டாள். சன்னமான, பலமில்லாத ஒரு குழந்தை அழுகை. சங்கீதப் புத்தகத்தைப் பையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

ஒற்றை அறை. சுவரில் சட்டமிட்ட ஒரு குழந்தைப் படம், மாலையோ பொட்டோ இல்லை. நடுவில் சேலைத் தூளி தொங்கி, தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து காற்றைப் பிடித்தது. கிருபாவதி போய்த் தூளியை விலக்கினாள்.

பேயில்லை. மையிட்ட கண்ணோடு ஒரு பெண் குழந்தை. அரையில் கறுப்புக் கயிறு, டயப்பர். ஐந்து மாதம் இருக்கலாம் என்று நினைத்தாள்.

"பத்து மாசம்" என்றாள் தேசராணி. "மாமுனி."

"என்னது?"

"பேரு மேடம். சஞ்சுக்தா கொயந்த. பக்கத்து வூட்ல ஒரிசாக்காரங்க எட்டுப் பேரு தங்கிக்கீறாங்கோ. அவங்க ஊர்ல பொண்ணுக்கு செல்லமா அப்டித்தான் கூப்டுவாங்களாம். நம்ம ஆளுங்க சிரிக்கிறாங்கோ, பொட்டப்புள்ளைக்கு தாடி வெச்ச சாமியார் பேருன்னு." சொல்லிவிட்டு அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து சொன்னாள். கடலரசனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண்கள் மல்லிகைப்பூ வாங்கி வந்தார்கள், மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று. அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப்பக்கம் மாமுனி அழுதாள். சஞ்சுக்தா கட்டட வேலைக்கு நாள் முழுக்கப் போய், தின்னாமல் கொள்ளாமல், அவளுக்குப் பால் வற்றிக் கிடந்தது.

"அது அயுத ஒடனே எனக்கு தானா ஊத்துச்சு மேடம். பூவத் தூக்கிப் போட்டேன். போய் வாங்கி மார்ல போட்டுக்கினேன். அப்பவே ஈரம் பண்ணிடுச்சு. என் புள்ளைக்கு வாங்கிவெச்ச டயப்பர் இருந்துச்சு, கட்டிவுட்டேன். மறுநாள் பெட்டில போடச்சொல்ல நெனச்சேன், துப்பப்போவுதுன்னு." அவள் குரல் இறங்கியது. "துப்பல. என் புள்ள நலம்னு சொல்லுச்சு."

கிருபாவதி காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது கூடவே பன் பொட்டலமும் வெளியே வந்தது. தூளியிலிருந்து இறக்கிவிட்டிருந்த மாமுனி, தவழக்கூட வலுவில்லாமல் மார்பால் தேய்த்துக்கொண்டு வந்து, அந்தப் பன்னை இரண்டு கையாலும் பற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். தேசராணி பாய்ந்து அந்தக் கையில் ஓர் அடி வைத்துப் பன்னைப் பிடுங்கினாள்.

குழந்தை அழவில்லை. பன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த அடி அதற்குப் பழக்கம் என்று கிருபாவதிக்குப் புரிந்தது.

"பத்து மாசப் புள்ளைக்கு சோறு ஊட்டலையா நீ?"

"ஒத்துக்காது."

"காப்பகத்துல?"

"நான் வேலைக்குப் போவச்சொல்ல பால புடிச்சுக் குடுத்துர்றேன். சோறு ஒத்துக்காதுன்னு சொல்லிக்கீறேன். ஆயா டயப்பரத்தான் பாக்கும். கொயந்தைய எங்க பாக்குது?"

கிருபாவதி நடைக்கு வந்து கைபேசியில் இம்தியாஸைக் கூப்பிட்டாள். ஈரப்பெட்டிக்கு மூக்கு வைத்தவர்களில் அவனும் ஒருவன். நல்ல பையன், கேட்டதற்கு மேலேயே விளக்குவான்.

"வேற புள்ளையோட ஈரத்த பெட்டி எப்படி ஏத்துக்கும் தம்பி?"

"ஏத்துக்காதே அக்கா." அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. "ஐயோ. நாங்க புள்ளைய அடையாளம் புடிக்கிறோம்னு நெனச்சோம் அக்கா. கைக்கொழந்த ஒடம்புல போறதெல்லாம் தாய்ப்பால்தானே? அந்தப் பால்ல ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு வாசனை. பெட்டி இத்தன நாளா அம்மாவத்தான் படிச்சிருக்கு. அது சொன்னதுல தப்பில்ல. தேசராணி பால் குடிச்ச கொழந்த நலம். பேரத்தான் மாத்திச் சொல்லியிருக்கு."

"சோறு குடுத்தா?"

"வாசனை மாறிடும். பொருந்தலன்னு துப்பும். வழக்கமா ஆறு மாசத்துல அம்மா எழுதிக் கேட்டா கள ஆய்வாளர் போயி, காலடி ரேகைய சரிபார்த்து, சோறூட்டியாச்சுன்னு பதிவாங்க. பெட்டி புதுசா படிச்சுக்கும். ரேகை கடலரசனோடதா இருக்கணுமே."

கிருபாவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமுனி ஒரு பருக்கை சோறு தின்றால் மறுநாள் காலையில் கடலரசன் இரண்டாம் முறை சாவான். டயப்பர் நிற்கும், காப்பகம் கதவை மூடும், சஞ்சுக்தாவுக்கு வேலை போகும். அது ஒருபக்கம். ஆனால் அதற்காக மட்டும் தேசராணி அந்தக் கையில் அடிக்கவில்லை.

"அந்த ஒரிசாப் பொண்ணு பேர்ல ஒரு அட்டை போட முடியாதா?"

"அஞ்சு வருசம் இங்க இருந்திருக்கணும் அக்கா. வெளியூர்ப் புள்ளைக்கு டயப்பர் கெடையாது." அவன் எதையோ புரட்டுவது கேட்டது. "ஆனா பதினோராம் விதின்னு ஒண்ணு இருக்கு. தாய்ப்பால் பொருந்துற கொழந்த அந்த அட்டைக்கு உரிய கொழந்த. பெத்தவங்கன்னு எங்கயும் எழுதல, பாருங்க. நம்ம ஆளுங்க அது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்க. இந்தப் புள்ளைய தேசராணியோட புதுக் கொழந்தன்னு பதியலாம். அக்கம்பக்கத்துல ஒரு சாட்சி வேணும். ஒரு அட்டைக்கு ஒரு நேரத்துல ஒரு கொழந்ததான். பழசை மூடணும். அம்மாவே மூடணும்."

மூடணும். பையன் கடைக் கதவைச் சொல்வதுபோல் சொன்னான்.

கிருபாவதி உடனே உள்ளே போகவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் ஒரு பெண் பிறந்து, பதினோரு நாள் இருந்து, போனது. மாமியார் மூன்று நாள் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினாள். பால் நின்றது. அழுதால் அடுத்தது தங்காது என்றார்கள், அழுகையும் நின்றது. அடுத்தது வரவேயில்லை. அன்றிலிருந்து அவள் தலையில் பூ வைப்பதில்லை. ஆபீசில் அவளைப் பூவும் நகையும் விலக்கும் பெந்தேகோஸ்தே சபைக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் மறுத்ததில்லை. தன் பிள்ளை நலம் என்று தினமும் ஆறு முறை சொல்லும் ஒரு பெட்டி அன்றைக்கு அவளுக்குக் கிடைத்திருந்தால், பக்கத்துப் பிள்ளை என்ன, பத்துப் பிள்ளையைப் பட்டினி போட்டிருப்பாள். இது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயமாக இருந்தது.

உள்ளே வந்து தேசராணியின் எதிரில் உட்கார்ந்தாள். விதியைச் சொன்னாள்.

"என் புள்ள கீறான் மேடம்" என்றாள் தேசராணி. "நீங்களே கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"பின்ன?"

"உம் பிள்ளைக்குப் பசிக்கலம்மா. அவனுக்கு இனிமே பசியே கெடையாது. இவளுக்குப் பசிக்குது."

மாமுனி தேசராணியின் மடியில் ஏறி, துண்டை விலக்கி, தேடிப் பிடித்துக் குடித்தது. குடித்துக்கொண்டே ஈரம் பண்ணியது.

"மூடிட்டா பெட்டி அவன் பேரச் சொல்லாதா?"

"சொல்லாது."

"அப்ப இரு மேடம். இப்பத்தான் நனச்சா. இத மட்டும் போட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

டயப்பரை உருவிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கிருபாவதி பன்னைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனியால் குழந்தையின் வாயில் வைத்தாள். மாமுனி அந்த விரலையும் சேர்த்துக் கடித்தாள். ஏழு மாடிக்குக் கீழேயிருந்து, படிக்கட்டின் கிணற்றுக்குள் எதிரொலித்து, அந்தக் குழைவான குரல் மேலே வந்தது. "ஈரம் உள்ளது. தேசராணி மகன் கடலரசன் நலம்." மாமுனி தின்பதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும்.

தேசராணி திரும்பி வந்து, கிருபாவதி நீட்டிய பலகைக் கணினியில் தானே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கத்தான் நேரமாயிற்று. கிருபாவதி மாமுனியின் காலடி ரேகையைப் பதிந்து, சோறூட்டியாச்சு என்று குறித்தாள்.

சாட்சிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அந்த நடையில் எல்லோரும் பேய்வீட்டுக்குக் கைநாட்டு வைக்க வரமாட்டோம் என்றுவிட்டார்கள். கிருபாவதி சாயங்காலம்வரை அடுக்கக வாசலிலேயே காத்திருந்தாள். ஐந்தரைக்குத் தலையெல்லாம் சிமெண்டுத் தூளோடு சஞ்சுக்தா வந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

"டயப்பர், மாமுனிக்கு" என்று திரையைக் காட்டினாள் கிருபாவதி.

"மாமுனி பேருல?"

"அவ பேருலதான். சோறும் தரலாம்."

சஞ்சுக்தா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, மறுபடி துடைத்து, கட்டைவிரலை நீட்டினாள். திரையில் தமிழில் ஒரு வரி இருந்தது. 'இக்குழந்தை தேசராணியின் குழந்தை என அறிவேன்.' கிருபாவதி அதைப் படித்துக் காட்டத்தான் நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பிறகு என்பது எவ்வளவு வசதியான சொல்!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தாள். சஞ்சுக்தாவுக்கு அன்று வேலையில்லை. பெட்டியைப் பார்க்க முதன்முதலாக வந்திருந்தாள், நல்ல சேலை உடுத்தி. இடுப்பில் மாமுனி, கன்னத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பக்கத்தில் தேசராணி. அவளிடமிருந்து மல்லிகை வாசம் வந்தது, தலையில் பூ இல்லை. மார்பை அணைத்துத் துண்டை இறுக்கக் கட்டியிருந்தாள். கிருபாவதி பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நீயே போடு" என்று தேசராணி பையைச் சஞ்சுக்தாவிடம் கொடுத்தாள்.

சஞ்சுக்தா ஒன்றை எடுத்து, கும்பிட்டுவிட்டுப் பெட்டியில் இட்டாள்.

"ஈரம் உள்ளது. தேசராணி மகள் மாமுனி நலம்."

உலர்ந்த டயப்பர் ஒன்று வந்து விழுந்தது. சஞ்சுக்தா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. தேசராணி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மாமுனி சொல்லுச்சு. நலம் சொல்லுச்சு. முன்னால ராணி அக்கா பேரு ஏன்?"

"அட்டை அவ பேருல இருக்கில்லம்மா, அதான்" என்றாள் கிருபாவதி. அது பொய்யில்லை.

சஞ்சுக்தா தலையாட்டினாள். இன்னொரு டயப்பரை இட்டு, இந்தத் தடவை பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டாள். அடுத்ததையும் இட்டாள். அதற்கடுத்ததையும் இட்டாள். ஆறும் தீர்ந்த பிறகும் அவள் நகரவில்லை. தேசராணி நின்ற அதே இடத்தில், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"என் பேரு எப்ப சொல்லும் அக்கா?"

கிருபாவதியின் கையில் சங்கீதப் புத்தகம் இருந்தது. அதை மெல்லக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அடுத்த தாய் வரலாம்" என்றது பெட்டி, அதே குழைந்த குரலில்.